ரீஃப்ரெஷ் பட்டனை யார் அழுத்துகிறார்கள்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பலர் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. காலித் திரையில் மவுஸின் வலது பட்டனைத் தட்டி, 'ரீஃப்ரெஷ்' என்பதை அழுத்துவது. ஒரு முறை அல்ல, நாலைந்து முறை. ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், வீடு என்று எங்கு பார்த்தாலும் இந்தச் சடங்கு நடக்கும். ஏன் என்று கேட்டால், "அப்பத்தான் மெமரி ஃப்ரீ ஆகும், சிஸ்டம் வேகமா ஓடும்" என்று பதில் வரும்.

உண்மை வேறு. அந்த ரீஃப்ரெஷ், திரையில் இருக்கும் ஐகான்களை இன்னொரு முறை வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். மெமரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேகமும் கூடாது.

ஆனால், மெமரிக்கு ரீஃப்ரெஷ் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் பொய்யில்லை. கம்ப்யூட்டரிலும் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனிலும் உள்ள 'ராம்' மெமரியை யாரோ ஒருவர் நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருக்கிறார். அவர் கை ஓய்ந்தால், திறந்திருக்கும் ஃபைல், பாதி எழுதிய கடிதம், ஓடிக்கொண்டிருக்கும் ஆப் எல்லாம் நம்ப முடியாத குப்பையாகிவிடும். அந்த 'யாரோ' யார்?

ஓட்டைக் குடங்கள்

ராம் சிப்புக்குள் தகவல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டுதான். இவற்றில் ஒன்றை வைத்திருக்கும் மிகச் சிறிய இடத்துக்கு 'பிட்' என்று பெயர். 8 ஜிபி ராம் என்றால் அதில் சுமார் 6,870 கோடி பிட்கள்.

ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் குடம். அதன் பெயர் கெப்பாசிட்டர். சீலிங் ஃபேனில் இருக்கும் கண்டென்சருக்கும் அதுதான் இன்னொரு பெயர். வேலை ஒன்றே, அளவுதான் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியது. குடத்தில் மின்சாரம் நிரம்பியிருந்தால் 1, காலியாக இருந்தால் 0. குடத்தின் வாயில் டிரான்சிஸ்டர் என்ற ஒரு கதவு இருக்கிறது. கதவைத் திறந்தால் எழுதலாம், படிக்கலாம். மூடினால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும்.

இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். கதவு மூடியிருந்தாலும் மின்சாரம் கசிகிறது. நிரம்பிய குடம் கொஞ்ச நேரத்தில் பாதியாகும், பிறகு காலியாகும். 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். அதனால், முழுதாக வடிவதற்குள் ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, 'இது நிரம்பி இருந்த குடமா?' என்று தெரிந்துகொண்டு, ஆமென்றால் மறுபடி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். இதுதான் மெமரி ரீஃப்ரெஷ்.

படிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, அதைக் கவிழ்த்துத்தான் பார்க்க முடியும். அதாவது, படித்தால் உள்ளே இருப்பது கலைந்துவிடும். அதனால் படித்தவுடன் பழையபடி நிரப்பி வைக்கும் ஏற்பாடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. குடங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசையில் ஒரு குடத்தைத் தொட்டாலே அந்த வரிசை முழுவதும் படிக்கப்பட்டு, திரும்ப நிரப்பப்படும். ஆக, ஒரு வரிசையை ரீஃப்ரெஷ் செய்ய அதைச் சும்மா ஒருமுறை படித்தால் போதும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

கசிந்தாலும் பரவாயில்லை

இப்படி ஒரு ஓட்டைக் குடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கசியாத மெமரியும் உண்டு. ஆனால் அதில் ஒரு பிட்டை வைக்க வழக்கமாக 6 டிரான்சிஸ்டர்கள் வேண்டும். இடம் அதிகம், விலையும் அதிகம்.

1966-ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் டெனார்டு என்ற பொறியாளர், அந்த 6 டிரான்சிஸ்டர் மெமரியில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அதே நிறுவனத்தில் காந்த மெமரி செய்துகொண்டிருந்த இன்னொரு குழுவினர் தங்கள் திட்டத்தை விளக்கியதை ஒருநாள் கேட்டார். அவர்களுடையது எவ்வளவு எளிமையாக இருக்கிறது, நம்முடையது ஏன் இவ்வளவு சிக்கல் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவு போதுமே என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்படித்தான். கசியுமே? கசியட்டும், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம்.

1968-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் நிறுவனம் 1103 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெனார்டு சொன்ன ஒற்றை டிரான்சிஸ்டர் அமைப்பு அதில் இல்லை, ஒரு பிட்டுக்கு 3 டிரான்சிஸ்டர்கள். ஆனால் கசிகிற குடத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பும் முறை அதிலும் அதுவே. மொத்தம் 1,024 பிட்கள் மட்டும். பின்னால் வந்த சிப்கள் டெனார்டின் வழிக்கே வந்தன. இன்று போனிலும் லேப்டாப்பிலும் கோடிக்கணக்கில் இருப்பது அந்த ஒற்றை டிரான்சிஸ்டர் குடம்தான். டெனார்டு 2024 ஏப்ரலில், 91 வயதில் காலமானார்.

மலிவான மெமரி கிடைத்துவிட்டது. ஆனால் ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டுமே?

மளிகைக் கடையில் ஒரு லோடு ஆள்

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளலாம். கல்லாவில் முதலாளி. வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வாசலில் லாரி வந்து நிற்கிறது. உள்ளே குடோன். முதலாளியே எழுந்து போய் ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து குடோனில் அடுக்கினால், அதுவரை கல்லாவில் ஆள் இல்லை. வியாபாரம் படுத்துவிடும்.

புத்திசாலி முதலாளி ஒரு லோடு ஆளை வைத்துக்கொள்வார். "லாரியிலிருந்து இறக்கு. இரண்டாவது அறையில், இந்த மூலையிலிருந்து ஆரம்பி. மொத்தம் 50 மூட்டை. முடிந்ததும் குரல் கொடு." இவ்வளவு சொல்லிவிட்டு அவர் கணக்கைப் பார்க்கப் போய்விடுவார்.

கம்ப்யூட்டரில் முதலாளி, பிராசஸர். குடோன், ராம். லாரி என்பது டிஸ்க், கேமரா, நெட்வொர்க் என்று வெளியிலிருந்து தகவல் கொண்டுவரும் எதுவும். அந்த லோடு ஆளுக்குப் பெயர் டிஎம்ஏ கன்ட்ரோலர். டைரக்ட் மெமரி ஆக்சஸ், அதாவது பிராசஸரின் கை படாமல் நேரடியாக மெமரிக்குள் போய் வருவது. எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட், உள்ளேயா வெளியேயா என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் வேலையை முடித்துவிட்டுக் குரல் கொடுக்கும்.

ஒரே ஒரு சங்கடம், குடோனுக்கு வாசல் ஒன்றுதான். லோடு ஆள் மூட்டையோடு நுழையும்போது முதலாளி ஒரு கணம் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த வாசலுக்குத்தான் 'பஸ்' என்று பெயர்.

1981-ன் சாமர்த்தியம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. பிராசஸர் இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அடிப்படை மாடலில் மெமரி வெறும் 16 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதில் அடங்காது.

அதன் மெமரி சிப்பில் 128 வரிசைகள். எல்லா வரிசையையும் 2 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு நொடியை 500 பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குள், ஒருமுறை தொட்டுவிட வேண்டும். இதற்கென்று தனி சர்க்யூட் வைத்தால் செலவு. ஐபிஎம் பொறியாளர்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். ஃபிளாப்பி டிஸ்க்குக்காக ஏற்கெனவே 8237 என்ற டிஎம்ஏ சிப் இருந்தது. அதில் நான்கு சேனல்கள், அதாவது நான்கு பேரின் வேலையை எடுத்துக்கொள்ளும். நேரம் காட்டுவதற்காக 8253 என்ற டைமர் சிப்பும் இருந்தது. அதில் மூன்று கடிகாரங்கள்.

இரண்டையும் கோத்துவிட்டார்கள். டைமரின் முதல் கடிகாரம் மணி பார்த்தது. மூன்றாவது ஸ்பீக்கரில் 'பீப்' சத்தம் எழுப்பியது. நடுவில் இருந்த கடிகாரம், சுமார் 15 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை டிஎம்ஏ சிப்பைத் தட்டி எழுப்பியது. உடனே டிஎம்ஏவின் 0-ஆம் சேனல், மெமரியில் அடுத்த வரிசையைப் படிக்கும். படித்ததை யாருக்கும் கொடுக்காது, தூக்கி எறிந்துவிடும். படித்தாலே குடம் நிரம்பிவிடும் அல்லவா? அதுதான் தேவை. இப்படி 128 வரிசையையும் சுற்றி வர 1.93 மில்லி விநாடி. கெடு 2 மில்லி விநாடி. மயிரிழையில் முடித்துவிடும்.

மூட்டை தூக்க வைத்த ஆளிடம், "சும்மா இருக்கிற நேரத்தில் இந்தக் குடங்களையும் நிரப்பிவிடு" என்று சொன்ன மாதிரிதான். இதற்காக பிராசஸரின் ஒவ்வொரு 72 துடிப்பிலும் சுமார் 4 துடிப்பு நேரம் வாசலை விட்டுத்தர வேண்டியிருந்தது. நூற்றுக்கு ஐந்தரை பங்கு. மறக்காமல் இருப்பதற்கு அந்தக் கம்ப்யூட்டர் கட்டிய வரி என்று சொல்லலாம்.

வரி என்றாலே குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டே! சிப்கள் பெரும்பாலும் கெடுவைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தாங்கும் என்பதால், நடுக் கடிகாரத்தின் வேகத்தைக் குறைத்து, கம்ப்யூட்டரை ஓரிரு சதவீதம் வேகமாக்கும் சின்ன புரோகிராம்கள் அந்தக் காலத்தில் உலவின. சில மெஷின்கள் தாங்கின. தாங்காதவற்றில் திரையில் 'பாரிட்டி செக்' என்ற இரண்டு சொற்கள் வரும். மெமரியில் ஒரு பிட் புரண்டுவிட்டது என்று பொருள். அத்தோடு மெஷின் நின்றுவிடும். சேவ் செய்யாத வேலை போனதுதான்.

லோடு ஆள் இல்லாத கடை

டிஎம்ஏ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஐபிஎம்மே ஓர் உதாரணம் விட்டுப்போனது. 1983 நவம்பரில், வீட்டு உபயோகத்துக்கென்று பிசி ஜூனியர் என்ற மலிவு மாடலை அறிவித்தது. செலவைக் குறைக்க டிஎம்ஏ சிப்பை எடுத்துவிட்டார்கள். மெமரி ரீஃப்ரெஷ்ஷுக்கு வேறு வழி கிடைத்தது. திரையில் படம் காட்டுவதற்காக வீடியோ சர்க்யூட் எப்படியும் மெமரியை ஓயாமல் படிக்கிறது. அந்தப் படிப்பே குடங்களை நிரப்பிவிடும்.

ஆனால் ஃபிளாப்பி? அதிலிருந்து 32 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வந்து விழும். உடனே எடுக்காவிட்டால் அடுத்தது வந்து முந்தையதை அழித்துவிடும். எனவே முதலாளியே லாரிக்கும் குடோனுக்கும் ஓட வேண்டியதாயிற்று. வேறு எதையும் திரும்பிப் பார்க்க முடியாது. டிஸ்க் சுழலும்போது கீபோர்டில் தட்டுவது கம்ப்யூட்டரின் காதில் விழவே விழாது. பிசி ஜூனியர் தோற்றதற்கு மோசமான கீபோர்டு, விலை என்று பல காரணங்கள் உண்டு, ஆனால் தட்டிய எழுத்து காணாமல் போகும் கம்ப்யூட்டரை யார்தான் விரும்புவார்கள்? 1985-ல் அதன் உற்பத்தி நின்றது.

இதற்கிடையே 1984-ல் வந்த பிசி ஏடி மாடலில், ரீஃப்ரெஷ் வேலை டிஎம்ஏ சிப்பிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி சர்க்யூட்டிடம் போனது. இன்று அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் பொறுப்பு. பொதுவான லோடு ஆளும் இப்போது அவ்வளவாக இல்லை. டிஸ்க், கேமரா, வைஃபை என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஆளை வைத்திருக்கிறது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே மெசேஜுக்குப் பதில் அனுப்ப முடிவது அவர்களால்தான்.

சாவி யாரிடம்?

முதலாளிக்குத் தெரியாமல் குடோனுக்குள் போய் வரும் ஆள் என்றால் பயமும் கூடவே வரும். அவன் யார், எந்த அறைக்குள் போகிறான்? வெளியிலிருந்து செருகும் சில கருவிகளுக்குக்கூட டிஎம்ஏ உரிமை உண்டு. முன்பு ஃபயர்வயர், இப்போது தண்டர்போல்ட் போன்ற இணைப்புகள் அப்படிப்பட்டவை. திறந்து கிடக்கும் லேப்டாப்பில் வஞ்சகமான ஒரு கருவியைச் செருகி, மெமரியில் இருக்கும் பாஸ்வேர்டுகளைப் படிக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள். அதற்குப் பிறகு குடோன் வாசலில் ஒரு காவலாளி வந்தார். அவர் பெயர் ஐஓஎம்எம்யு. எந்த ஆள் எந்த அறைக்குள் போகலாம் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும்.

ரீஃப்ரெஷ் பக்கமும் திருட்டு உண்டு. கரன்ட் போன கணத்தில் மெமரி அழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்ட ஆய்வுக் குழு, அது சில விநாடிகள் தங்கும் என்று காட்டியது. ஸ்பிரே அடித்து மைனஸ் 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் நிமிடக்கணக்கில் தங்கும். குளிரில் கசிவு குறைவு. அதற்குள் சிப்பைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடலாம்.

2014-ல் வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இன்டெல்லும் சேர்ந்த ஆய்வில், ஒரு வரிசையை மட்டும் மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால், பக்கத்து வரிசைக் குடங்கள் சீக்கிரம் கசிந்து பிட் புரண்டுவிடுவது தெரிந்தது. சோதித்த 129 மெமரி கார்டுகளில் 110-ல் இது நடந்தது. சுத்தியலால் சுவரைத் தட்டத் தட்டப் பக்கத்து வீட்டுப் பரணில் இருந்த பாத்திரம் விழுந்த கதை. அதனால் இதற்கு 'ரோஹேமர்' என்று பெயர். மறு ஆண்டே கூகுள் ஆராய்ச்சியாளர்கள், இதை வைத்து ஒரு கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். அவசர வைத்தியமாகப் பல நிறுவனங்கள் செய்தது என்ன தெரியுமா? ரீஃப்ரெஷ்ஷை இன்னும் அடிக்கடி நடத்தியதுதான்.

வீட்டுக்கு உதவும் சில விஷயங்கள்

டிடிஆர் 4 மெமரியில் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். அதற்கு 7.8 மைக்ரோ விநாடிக்கு ஓர் ஆணை, நொடிக்கு 1 லட்சத்து 28 ஆயிரம் ஆணைகள். சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடும், ஆணைகளும் இரண்டு மடங்காகும். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்துக் காற்றோட்டத்தை அடைப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பை மூடி 'ஸ்லீப்'பில் போட்டால் மெமரி தன்னைத்தானே ரீஃப்ரெஷ் செய்துகொண்டிருக்கும். அதற்கு பேட்டரி சிறிது செலவாகும். பேட்டரி தீர்ந்தால் சேவ் செய்யாதது போய்விடும். 'ஹைபர்னேட்' என்பது குடங்களில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குவது. இரண்டு நாள் ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது. பக்கம் பக்கமாக டைப் செய்கிறவர்களுக்கு எதைவிடவும் நல்லது, அவ்வப்போது சேவ் செய்வது. சேவ் என்பது ஓட்டைக் குடத்திலிருந்து ஓட்டையில்லாத இடத்துக்கு மாற்றிவைக்கும் வேலை.

கடைசியாக அந்த வரிக் கணக்கு. 1981-ல் ரீஃப்ரெஷ்ஷுக்காகப் போன நேரம் நூற்றுக்கு ஐந்தரை பங்கு. டிடிஆர் 4 மெமரியில் பரவலாகப் பயன்படும் 8 ஜிகாபிட் சிப் ஒன்றில் அது சுமார் நாலரை பங்கு. மெமரி லட்சம் மடங்குகளில் பெருகியும், மறக்காமல் இருப்பதற்கான வரி ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. டெனார்டு ஏற்றுக்கொண்ட கசிவுக்கு இன்றைக்கும் எல்லோரும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை யாராவது ரீஃப்ரெஷ்ஷை நாலு தடவை அழுத்தினால் தடுக்க வேண்டாம். அவர் மவுஸை எடுத்து நாலு தடவை அழுத்தி முடிப்பதற்குள், மெமரி கன்ட்ரோலர் லட்சம் தடவைக்கு மேல் அழுத்தி முடித்திருக்கும்.